ஒன்றை அழுத்தினால்

கறுத்த திரையைப் பார்த்து அவன் தலையாட்டினான்.

"சரி, சரி. பார்த்துட்டுச் சொல்றேன்."

காதில் ஹெட்செட். அதன் ஒயர் மேசைக்கடியில் போய் எதிலும் சேராமல் கிடந்தது.

திரையில் 'சிக்னல் இல்லை' என்றொரு சின்னக் கட்டம் மிதந்தது. ஓரம்வரை போய் இடித்துக்கொண்டு திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அணைந்துவிடும். வேலை போன பிறகு அவனுக்கு மிச்சமிருந்த வேலை அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

மதியம் வரைக்கும் பார்க்க வேண்டும்.

ஒரு மேசை. ஒரு திரை. ஒரு கீபோர்டு. கணினிகள் மட்டும் இரண்டு. அந்த வாடகை வீட்டில் இன்னொரு மேசை போட வேண்டுமென்றால் கட்டிலை விற்க வேண்டும். அதனால் திரையை இரண்டுக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டியை நடுவில் வாங்கி வைத்தார்கள். ஸ்க்ரோல் லாக் விசையை இரண்டு முறை தட்டி ஒன்றை அழுத்தினால் அவனுடைய கணினி வரும். பெட்டி ஒரு முறை பீப் என்று கத்தும். இரண்டை அழுத்தினால் அவன் மனைவியுடையது. இரண்டு முறை கத்தும்.

ஊரில் யாருமே தொடாத அந்த விசைக்கு இந்த வீட்டில் எழுத்தே அழிந்துவிட்டது.

காலையில் அவன், மதியத்துக்கு மேல் அவள். எழுந்து போகிறவர் மற்றவருடைய திரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பல நாள் சண்டை போட்டு உண்டான ஏற்பாடு அது.

இன்னொன்றும் உண்டு. அவன் மீட்டிங் முடியும்வரை அவள் மிக்ஸி போடமாட்டாள்.

அவனுடைய லேப்டாப் எப்போதும் மேசைக்கடியில் அலுவலகப் பைக்குள்தான் நிற்கும். போன மாதம் கம்பெனி ஆள் அனுப்பி அதை வாங்கிக்கொண்டது. அப்போது அவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். பை துவண்டு விழாமலிருக்கப் பழைய வார இதழ்களை உள்ளே அடுக்கினான். பெட்டியிலிருந்து வரும் கேபிளின் முனையையும் அதற்குள் செருகினான். வேறு வேலை கிடைத்ததும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றிருந்தான். கிடைக்கவில்லை. நாளாக ஆக, சொல்ல வெட்கமாக இருந்தது.

அழைப்பு மணி அடித்தது.

தண்ணீர் கேன். அவள் குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவன்தான் எழ வேண்டும்.

காலிக் கேனை எடுத்துக் கொடுத்து, சில்லறை தேடிக் கொடுத்து, புதுக் கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். அடுப்படியில் இறக்கி வைக்கும்போது கேட்டது.

பீப். பீப்.

அப்போதுதான் உறைத்தது. அவளுடைய திரையைக் கொண்டுவந்து வைக்காமல் எழுந்துவிட்டான். இவ்வளவு நேரம் மேசையில் இருந்தது அவனுடையது.

அந்தக் கறுப்பு.

ஓடிப் போய் என்ன செய்வது என்று தெரியாமல், மெதுவாகவே நடந்து போனான்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அவள் நின்றுகொண்டே தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணக்கு எழுதும் நூல் கடையிலிருந்து அவசரமாக ஏதோ பில் கேட்டிருக்கிறார்கள். அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு மெயில் தானுங்க. அனுப்பிட்டுப் போயிர்றேன். மீட்டிங் ஓடுதுங்களா?"

"மியூட்ல போட்டிருக்கேன்."

அனுப்பினாள். பிறகு ஏற்பாட்டின்படி விசையை இரண்டு முறை தட்டி, ஒன்றை அழுத்தினாள்.

திரை மாறக் கொஞ்சம் தாமதமாகும். அது மாறுவதற்குள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் நடக்கப் போனபோதும் நினைத்தான். சாப்பிடும்போது அவள் வழக்கம்போல் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். பார்த்திருந்தால் கேட்டிருப்பாள், கேட்காமல் விடுகிறவளா அவள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் காலை.

ஹெட்செட்டை மாட்டினான். முகத்தை மீட்டிங் முகமாக வைத்துக்கொண்டான். இரண்டு தட்டு. ஒன்று.

பீப்.

திரை நீலமாக விடிந்தது.

நடுவில் ஒரு வட்டம். அதன் கீழே ஒரு பெயர்.

இளம்பரிதி.

அவன் பெயர்தான். அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலை போன கடிதத்துக்குப் பிறகு அந்தப் பெயரை இவ்வளவு பெரிய எழுத்தில் அவன் எங்கும் பார்க்கவில்லை.

குனிந்தான். பைக்குள் வார இதழ்கள் இல்லை. அவளுடைய பழைய லேப்டாப் இருந்தது. மூடி ஒரு பக்கம் உடைந்து பீரோ மேல் கிடந்ததுதான். உடைந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. தூசு துடைத்திருந்தது. கேபிள் அதில் செருகியிருந்தது. உள்ளே விசிறி மெல்ல ஓடியது.

என்டரைத் தட்டினான். கடவுச்சொல் கேட்கவில்லை. நேரே திறந்துகொண்டது.

அடுப்படியில் காய் நறுக்கும் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று யோசித்தான். பெட்டி கத்தியபோதுதான் நின்றிருக்க வேண்டும். இந்த வீட்டில் அந்தச் சத்தம் அடுப்படிவரை கேட்கும். இத்தனை நாளும் கேட்டிருக்கும்.

ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

கனைத்துக்கொண்டு, அடுப்படிக்குக் கேட்கும்படி சொன்னான்.

"மிக்ஸி போடறதுன்னா போட்டுக்கம்மா."

கொஞ்ச நேரம் கழித்து மிக்ஸி ஓடத் தொடங்கியது. ஒரு துவையலுக்கு வேண்டியதைவிட அதிக நேரம் ஓடியது.