ஏழாம் கதவு

ஏழாம் இலக்கக் கதவு ஏழாம் வாசல் நிலைக்குள் போகவில்லை.

சுகிர்தன் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தான். அரை அங்குலம் இடித்தது.

சற்றுத் தள்ளி, பிளேன்டி கிளாஸோடு நின்றார் ஜவ்பர். காலையிலிருந்து ஆறு கதவுகள் சத்தமில்லாமல் ஏறியிருந்தன. இப்போதுதான் தேநீர் இனித்தது.

துறைமுகத்தடிப் பழைய கிட்டங்கி வாசிகசாலை ஆகிறது. பதினான்கு முதிரை மரக் கதவுகளையும் கழற்றி, எந்தக் கதவு எந்த நிலைக்கு என்று வெண்கட்டியால் இலக்கம் போட்டு அடுக்கியவர் ஜவ்பர்.

திரும்பப் பொருத்தும் வேலையைக் கட்டடக்கலைஞர் சுலக்ஷனா சுகிர்தனிடம் கொடுத்துவிட்டாள். காலி நகரில் ஆறு மாதம் பழைய மரவேலை படித்துவிட்டு வந்தவன்.

"சுகிர்தனுக்குப் பழைய மரத்தோட கதைக்கத் தெரியும், நானா" என்று ஜவ்பரிடமே சொன்னாள்.

அப்படியென்றால் முப்பது வருடமாக மரம் தன்னோடு கோபமாகவா இருந்தது?

இன்றைக்கு அவன் முழிக்க வேண்டும். சுலக்ஷனா அதைப் பார்க்க வேண்டும். அதன்பிறகு மெதுவாகப் போய், "தள்ளு தம்பி" என்று சொல்லி, சரியான கதவைத் தானே தூக்கி வைக்க வேண்டும். அந்த "தள்ளு தம்பி"யை மூதூரிலிருந்து வரும்போது பஸ்ஸிலேயே பழகியிருந்தார்.

சுலக்ஷனா வந்தாள். "நம்பர் மாறியிருக்குமோ?"

ஜவ்பர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"சீ, இல்லை மிஸ்," சுகிர்தன் முந்திக்கொண்டான். "ஜவ்பர் நானா போட்ட நம்பர். என்ர கண் பிழைச்சாலும் அவர்ர கை பிழைக்காது. மரந்தான் மழைக்கு ஊதியிருக்கு."

புதிதாகச் சேர்த்ததை எப்போதும் கழற்றலாம், பழையதில் சீவியதைத் திரும்ப ஒட்ட ஏலாது என்று முதல் நாளே சொன்னவள் சுலக்ஷனா. அவள் ஜவ்பரைப் பார்த்தாள்.

"நம்பர் சரிதானே, நானா?"

"ஓம்."

சுகிர்தன் சீவுளியை எடுத்தான். "கொஞ்சம் பிடியுங்கோ நானா."

முதல் சுருள் ஜவ்பரின் பாதத்தில் விழுந்தது. வெளியே கறுத்துப்போன மரம், உள்ளே தேன் நிறமாக இருந்தது.

மற்றக் கதவுகளில் இலக்கங்கள் மூன்று மாதத் தூசியில் மங்கியிருந்தன. இந்தக் கதவின் ஏழும், சுவரில் சாய்ந்திருந்த கதவின் பத்தும் மட்டும் நேற்று எழுதியதுபோல வெள்ளை வெளேரென்று இருந்தன.

நேற்றுத்தான் எழுதினார்.

கதவு ஆடாமலிருக்க, ஜவ்பர் இன்னும் இறுக்கிப் பிடித்தார்.