தடங்கலில்லாமல் ஓடிய டிஸ்க்

பழைய கேம் ஒன்றைத் தமிழாக்கி, கோப்புகளை இடம் மாற்றி அடுக்கி எழுதிய டிஸ்க் அது. கணினியிலிருந்த எமுலேட்டரில் தடங்கலில்லாமல் ஓடியது. அசல் கேம் பெட்டியைப் போல நடிப்பதுதான் எமுலேட்டரின் வேலை. டிஸ்குக்குத் தலைகால் புரியவில்லை. நேரே அசல் பெட்டிக்குள் போய் ஜம்மென்று உட்கார்ந்தது.

பெட்டி கரகரவென்று சுற்றிப் பார்த்தது. "சண்டை இருக்கவேண்டிய இடத்துல பாட்டு இருக்கே, தம்பி" என்று வெளியே தள்ளிவிட்டது.

"உனக்குத்தான் கண் தெரியல, பெருசு!" என்று சீறிவிட்டு வந்த டிஸ்க், எமுலேட்டரிடம் புலம்பியது.

எமுலேட்டர் தயங்கியது. "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நானே தேடி எடுத்து ஓட்டிக்கிட்டேன். நீ அவ்வளவு குஷியா சுத்தினே, சொல்ல மனசு வரல."

டிஸ்க் அசல் பெட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது.

"அப்போ ஓடினது நீ, மாலைக்குக் கழுத்தை நீட்டினது நான். இதுல அவருக்குக் கண் தெரியலன்னு வேற சொல்லிட்டு வந்திருக்கேன்!"