விபத்தில்லாத ஒழுங்கை

சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டு, "போட்டு வாறன்" என்றார் சிவபாதசுந்தரம். பத்மாவதி தேத்தண்ணி வடித்துக்கொண்டிருந்தாள். கீழே லொறி ஒன்று ஹோர்ன் அடித்தது. "பார்த்துப் போங்கோ" என்றாள், திரும்பிப் பாராமலே.

கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடை நிஸாம் படியேறி ஓடி வந்தான். அவன் முகத்தைக் கண்டதும் அவள் அடுப்பை அணைத்தாள்.

அது போன மாரியில். இப்போது வெள்ளவத்தையில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் போடப்போகிறார்களாம். எந்த ஒழுங்கையில் போட்டால் சனத்தின் உடம்புக்கு நல்லது என்று ஆராய ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான பாயிஸ், வீடு வீடாகப் படியேறிக் களைத்து, அவள் கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

இந்த ஒழுங்கையில் ஒரு விபத்துகூடப் பதிவில்லை, அதனால் மேலதிகாரிகள் இதைத் திட்டத்திலிருந்து வெட்டிவிடுவார்கள் என்றார். பத்மாவதிக்கு வாதாடத் தெம்பில்லை. விடவும் மனமில்லை.

"என்ர மனுசனைச் சாக்காட்டினது இந்த ரோட்டுத்தான், தம்பி."

பாயிஸ் நிமிர்ந்தார். சுவரில் மாலை போட்ட படம். அதன் கீழே அந்தச் சப்பாத்துச் சோடி. ரத்தத்தில் சீனி கூடிய வருத்தத்துக்குத் தினமும் நடக்க வேண்டும் என்று டொக்டர் சொன்ன வருஷம் வாங்கியது. "சேர், உங்கட சப்பாத்துக்கு மட்டும் வயசு போகுதில்ல" என்று நிஸாம் பகிடி பண்ணுவான்.

பதிவில் தவறிய மரணம் என்று எழுதினால் ஒழுங்கையைத் திட்டத்தில் சேர்க்கலாம், இடத்தை மட்டும் காட்டுங்கள் என்றார் பாயிஸ். இருவரும் கீழே இறங்கினார்கள்.

ஒரு பக்கம் நிறுத்திய வான்கள், மறு பக்கம் கட்டட மணல். நடுவில் முச்சக்கர வண்டிகள் கடற்கரை வீதியை நோக்கிப் பறந்தன. வாசல் படலைக்கு வெளியே ஒரு காலை வைத்த பாயிஸ், அதைச் சட்டென்று உள்ளே எடுத்துக்கொண்டார்.

"எந்த எடத்தில அடிபட்டாரு, அன்ரி?"

படலைக்கு உள்ளே கிடந்த, இருக்கை குழிந்த பிளாஸ்டிக் கதிரையைக் காட்டினாள் பத்மாவதி.

"அடிபடேல்லைத் தம்பி. நடக்கப் பயந்து, நாளும் இதிலயே இருந்துதான் செத்தவர்."