வெறும் வயிற்றில் வரவும்

சர்ச் வாசலில் நின்ற, தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை விற்கும் வண்டியைப் பார்த்ததுமே நெரெய்டாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

மாநில அரசின் ரத்தப் பரிசோதனை வேனை அதற்கு இருபதடி தள்ளித்தான் நிறுத்தியிருந்தாள். ஸ்பானிய மொழி பேசும் மக்களைத் தேடிப் போய் உதவுவதற்கென்றே உள்ள அலுவலகத்தில் அவளுக்கு ஆறு வருட வேலை. நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் பாதிப் பேர் மெக்ஸிகோக்காரர்கள், கறி ஆலையில் மாடாய் உழைப்பவர்கள். அரசு வண்டி என்றாலே பேரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள் என்று ஒதுங்கிப் போகிறவர்கள். போன இரண்டு தடவையும் நெரெய்டா வேனில் உட்கார்ந்து ஈ ஓட்டிவிட்டுத்தான் திரும்பினாள். இன்றைக்கு நாற்பது பேராவது தேறாவிட்டால் இந்த ஊருக்கு இனி வேன் கிடையாது என்று மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்தாள். காலைப் பூசை முடியும்வரை இவர்கள் வாயில் எதையும் போடமாட்டார்கள். சர்க்கரை பார்க்க வெறும் வயிறுதான் வேண்டும்.

எல்லாம் யோசித்தவள், ஊரே மரியாதையாய் 'தோன்யா' என்று கூப்பிடும் அந்தத் தமாலேக்காரி ஒத்திலியாவை யோசிக்கவில்லை. பூசை முடிந்து படியிறங்கும் கூட்டம் நேராக அவள் வண்டிக்குத்தான் போகும். சோளத் தோகையை உரித்து ஒரு கடி கடித்தால் போதும், பரிசோதனை பாழ்.

நெரெய்டா பணிவாகத்தான் ஆரம்பித்தாள்.

"தோன்யா, இன்னைக்கு ஒரு நாள் சர்ச்சுக்குப் பின்னாடி நின்னுக்கிறீங்களா? சாப்பிட்டுட்டு வந்தா ரத்தம் எடுக்க முடியாது."

"பதினோரு வருஷமா இங்கதான் நிக்கறேன். இன்னைக்கும் இங்கதான்."

"எல்லாம் உங்க ஜனங்களோட நல்லதுக்குத்தானே?"

"என் ஜனங்களா? அப்ப நீ யாரு ஜனம், மகளே?"

சுருக்கென்றது. அவளும் அதே மொழி பேசும் வீட்டில் பிறந்தவள்தான். அந்தக் கோபத்தில், இங்கே விற்க லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டாள். கேட்ட மறு நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளுடைய அம்மாவும் தெருவில் நின்று வியாபாரம் செய்துதான் அவளைப் படிக்கவைத்தாள்.

ஒத்திலியா பானை மூடியை இன்னும் கொஞ்சம் அழுத்தி மூடினாள்.

பூசை முடிந்தது. பயந்தபடியே அத்தனை பேரும் வண்டியைத்தான் மொய்த்தார்கள். ஒத்திலியா கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினாள். வேன் பக்கம் விரலை வேறு நீட்டினாள். வாசலில் யாரோ வாசித்துக்கொண்டிருந்த கிதார் சத்தத்தில் நெரெய்டாவுக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

"போச்சு. லைசென்ஸ் கேட்டதை ஊர் பூரா சொல்லி விரட்டி விடறா" என்றாள் நர்ஸிடம்.

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கறி ஆலையில் வேலை செய்யும் ஹெரிபெர்த்தோ, ஆறடி ஆள், வேன் படியில் தயங்கித் தயங்கி ஏறினான். அவன் பின்னால் அவன் மனைவி. அவள் பின்னால் இரண்டு நாத்தனார்கள். அப்புறம் வரிசை வாசலையும் தாண்டிப் போய்விட்டது.

நெரெய்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. வேனை விட்டு நகராமல் படிவங்களை நிரப்பிக்கொண்டே இருந்தாள். மதியத்துக்குள் அறுபத்து மூன்று பேர். உடனே மேலதிகாரிக்குப் போன் போட்டாள். வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்ததும், வானொலியில் அவர்கள் மொழியிலேயே பேசியதும்தான் காரணம் என்று கொஞ்சம் நீட்டி முழக்கியே சொன்னாள்.

போனை வைத்த பிறகுதான் பசி தெரிந்தது. காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை. ஜெயித்தவர்களுக்கு வரும் பெருந்தன்மையோடு, போனால் போகிறது, தோன்யாவிடமே வாங்கலாம் என்று வண்டிப் பக்கம் போனாள்.

அங்கே ஹெரிபெர்த்தோ மறுபடியும் வாங்க வந்து நின்றிருந்தான். எதுவும் கேட்காமல் சட்டைக் கையைச் சுருட்டி நீட்டினான். ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சை ஒத்திலியா குனிந்து பார்த்தாள். அதற்கப்புறம்தான் பானையைத் திறந்தாள். அடுத்து நின்ற அவன் மனைவியும் கையை நீட்டினாள்.

நெரெய்டா முழித்ததைப் பார்த்து ஹெரிபெர்த்தோவே சொன்னான்.

"பஞ்சு இல்லாதவங்களுக்கு இன்னைக்குத் தமாலே கிடையாதாம். எங்க பாதிரியாருக்கே இல்லைன்னுட்டாங்க. மனுஷன் இப்பதான் உங்க வேன்ல ஏறுறார்."

இவளைப் போய் என்னவெல்லாம் நினைத்தோம் என்று நெரெய்டா கூசிப்போனாள்.

"மன்னிச்சிடுங்க தோன்யா. உங்களைப் பின்னாடி போகச் சொன்னேனே."

"பின்னாடி போயிருந்தா உங்கிட்ட யாரு வந்திருப்பா?" ஒத்திலியா சிரிக்காமலே சொன்னாள். "என் வீட்டுக்காரர் அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறுன்னே தள்ளிப்போட்டார். சர்க்கரை ரெண்டு கண்ணையும் எடுத்துக்கிச்சு. இப்ப நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

நெரெய்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ரெண்டு குடுங்க" என்றாள்.

ஒத்திலியா மூடியைத் திறக்கவில்லை. நெரெய்டாவின் வெறும் கையையே பார்த்தாள்.

"நீ கடைசியா எப்ப பாத்த, மகளே?"

ஆறு வருடமாக ஊர் ஊராகப் போய் ஆயிரக்கணக்கான பேரை ஊசிக்கு உட்காரவைத்த நெரெய்டாவுக்கு, அதற்குச் சொல்ல ஒரு தேதிகூட இல்லை.

"போ. போய்ப் பாதிரியாருக்குப் பின்னாடி நில்லு. உன் பங்கை நான் சூடா வெச்சிருக்கேன்."