ஒன்பது குட்டி

“ஒன்பது குட்டி! ஆண் எலிக்குக் கருத்தடை மருந்து கொடுத்தும் ஜோடி எலி ஒன்பது குட்டி போட்டிருக்கு!”

மேனேஜர் கத்திய கத்தலில் ஆய்வகத்து எலிகளெல்லாம் மூலைக்கு ஒதுங்கின.

சோப்புப் பிரிவிலிருந்து அவர் மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. மருந்து பலித்துவிட்டது, ஒரு குட்டிகூட இல்லை என்று நேற்றுத்தான் முதலாளியிடம் மார் தட்டியிருந்தார். அரை மணியில் முதலாளி நேரில் வருகிறார்.

“ஒழுங்கா மருந்து கொடுத்தியா இல்லையா?”

எலிகளைப் பராமரிக்கும் அக்கா, தொட்டி கழுவுவதை நிறுத்தவில்லை. “இல்ல சார். ரெண்டரை மாசம் முன்னாடியே நிறுத்திட்டேன்.”

“அடிப்பாவி! என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே! முதல்ல இந்தக் கூண்டை ஒளிச்சு வை.”

“மாட்டேன். முதலாளி வந்ததும் முதல்ல இதைத்தான் பார்க்கணும்.”

“திமிரா? இப்பவே ராஜினாமா எழுதிக் கொடு!”

“நான் எதுக்கு சார் எழுதணும்? எழுதி வச்சிருக்கிறதை நீங்க படிங்க.”

கூண்டில் தொங்கிய அட்டையைக் கழற்றி நீட்டினாள். தலைமை ஆராய்ச்சியாளர் கைப்பட எழுதியிருந்தார்: ‘நான்கு மாதம் மருந்து கொடுக்கவும்; குட்டி பிறக்கக் கூடாது. பிறகு நிறுத்தவும், குட்டி பிறக்க வேண்டும்.’

மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார்.

“நிறுத்தினப்புறமும் பிறக்கலேன்னா அதுக்குப் பேர் கருத்தடை இல்ல சார்,” என்றாள் அக்கா. “காயடிப்பு.”