சலாலாவில் சாரல் உண்டா?

“சலாலாவா? நெசமாவே சலாலாக்காரரா இவரு?”

பழக்கடை ஜாஹிரா பீவி எழுந்தே நின்றுவிட்டாள். காரிலிருந்து இறங்கியவரின் பூவேலைத் தொப்பியைப் பார்த்து, எந்த ஊர் என்று அவளாகத்தான் கேட்டாள்.

“ஆமா மாமி, ஓமான்ல சலாலா. திருவனந்தபுரத்துல தங்கி ஆயுர்வேதம் படிக்காரு. ஒரு கிலோ மங்குஸ்தான் போடுங்க, சட்டுனு,” என்றான் அஃப்சல்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சலாலா தெரிந்திருப்பது அதிசயமில்லை. எந்த வீட்டில்தான் கல்ஃபில் ஆள் இல்லை? ஆனால் நின்று கதை பேச இதுவா நேரம்? அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குற்றாலம் ஐந்தருவி ரோட்டில் சீசன் கூட்டம். பின்னால் ஒரு வேன்காரன் ஆரன் அடித்தே உயிரை எடுத்துக்கொண்டிருந்தான்.

அதுகூடப் பெரிசில்லை. சவூதியில், தமாமில் வேலை போய் அஃப்சல் ஊருக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. தென்காசியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் ‘எப்ப வந்திய?’ என்பதை விட்டுவிட்டு, ‘எப்பப் போறிய?’ என்று மட்டும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். மாமனார் நேற்று வாய்விட்டே கேட்டுவிட்டார். வாடகைக் கார் ஓட்டி அல்லாடிக்கொண்டிருந்தவனுக்கு, அரபி பேசுகிற டிரைவர் வேண்டுமென்று லாட்ஜிலிருந்து கூப்பிட்டுக் கிடைத்தவர்தான் இந்த யாசர். அவருடைய அண்ணனுக்கு ஓமானில் ஊர் ஊருக்குச் சூப்பர் மார்க்கெட். ‘உனக்கு ஒரு விசாவுக்குச் சொல்லியிருக்கிறேன், இன்றைக்குப் பதில் வரும்’ என்று காலையில் சொன்னார். அப்போதிலிருந்து அஃப்சல் அவருடைய போனையே பார்த்துக்கொண்டிருந்தான். மனுஷர் முகம் கோணாமல் இன்றைய பொழுதைக் கடத்திவிட்டால் போதும்.

“தம்பி, அங்கன மண்ணு ரொம்பச் சுடுமா?” என்று ஆரம்பித்தாள் ஜாஹிரா பீவி.

என்ன கேட்கிறாள் என்றார் யாசர். அஃப்சல் வேண்டாவெறுப்பாக அரபியில் சொன்னான்.

“செருப்புப் போட்டுத்தான் நடப்போம் என்று சொல்,” என்று அவர் சிரித்தார்.

“மேல சுடும், சரி. தோண்டுனா? உள்ளயாவது கொஞ்சம் குளுமையா இருக்குமா?”

“தோண்டினால் எண்ணெய் வரும்!” யாசர் இன்னும் பலமாகச் சிரித்தார்.

“காத்து அடிச்சா மணலு எடம் மாறிப் போயிருமாமே? நேத்து இருந்த அடையாளம் இன்னைக்கு இருக்காதாமே?”

அஃப்சலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மாதிரிக் கேள்விகளில் அடிபட்டவன் அவன். தமாமில் எகிப்துக்கார சூப்பர்வைசர் ஒருத்தர், ‘உங்கள் ஊரில் பாம்பைக் கும்பிட்டுவிட்டுத்தான் பல் தேய்ப்பீர்களா? நீ யானைமேல் ஏறித்தான் பள்ளிக்கூடம் போனாயா?’ என்று நச்சரித்துக்கொண்டே இருப்பார். அவர் எதிரில் ஈயென்று இளித்துவிட்டு, ரூமுக்கு வந்து திட்டித் தீர்ப்பான். யாசரும் இப்போது உள்ளுக்குள் அப்படித்தானே கொதித்துக்கொண்டிருப்பார்? விசா போச்சு என்றே நினைத்தான்.

“மாமி, அது பெரிய டவுனு. ரோடு, பில்டிங்கு எல்லாம் உண்டு. பழத்தப் போடுங்க.” இந்தத் தடவை மொழிபெயர்க்காமல் அவனே பதில் சொல்லிவிட்டான்.

“நாய், நரி நடமாட்டம்?”

“கெடையாது!”

“மரம்? கொஞ்சம் நெழலு?”

“நீங்க பழம் விக்கியளா, பேட்டி எடுக்கியளா?”

அவள் காதில் வாங்கினால்தானே! தராசை மறந்துவிட்டு, தலையில் போட்டிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இங்கன விழுதே சாரலு… இந்த மாதிரி அங்கனயும் விழுமா தம்பி?”

“யா அல்லா! பாலைவனத்துல போயி யாராவது சாரல் கேப்பாவளா? கூறு இருக்கா உங்களுக்கு?” அஃப்சல் கத்தியே விட்டான். பழம் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள்.

“அந்த அம்மா என்ன கேட்டார்?” யாசர் விடவில்லை. வேறு வழியின்றி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

யாசரின் முகம் மலர்ந்துவிட்டது. “உண்டு என்று சொல்! ஓமானே காய்ந்து கிடக்கும்போது எங்கள் சலாலாவில் மூன்று மாதம் சாரல்தான். மலையெல்லாம் பச்சையாகிவிடும். ஊர் ஞாபகம் தாங்காமல்தானே குற்றாலத்துக்கு ஓடி வந்தேன்? உங்கள் நாட்டில் இத்தனை நாளும் என்னிடம் எல்லோரும் ஒட்டகத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். சாரலைக் கேட்ட ஒரே ஆள் இவர்தான்.”

அஃப்சல் அசடு வழிய அதைத் தமிழில் சொன்னான். “அல்ஹம்துலில்லாஹ்,” என்று சொல்லி ஜாஹிரா பீவி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து யாசரின் போன் அடித்தது. பேசி முடித்தவர், அஃப்சலின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “அண்ணன் சரி சொல்லிவிட்டார். சலாலா கடைக்கே ஆள் வேண்டுமாம். அடுத்த மாதம் புறப்படு!”

அஃப்சலுக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி சமீனாவுக்குப் போன் போடக் கை பரபரத்தது. “மாமி, எனக்கு விசா கெடைச்சிருச்சு! நானும் சலாலாவுக்குத்தான் போறேன்!” என்று, கத்தியதையெல்லாம் மறந்து அவளிடமே முதலில் சொன்னான்.

ஜாஹிரா பீவி பை நிறையப் பழத்தை அள்ளிப் போட்டு அவனிடம் கொடுத்தாள். அவன் நீட்டிய ரூபாயை வாங்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லாரு வாப்பா. போன ஒடனே, ஒரு வெள்ளிக்கெழமை ஜும்ஆ தொழுதுட்டு, அந்த ஊரு கபர்ஸ்தானுக்கு ஒரு எட்டுப் போயிட்டு வா,” என்றாள். “எம் மவன் ஆசிக்க அங்கனதான் அடக்கியிருக்காவ, கடைசியா மொகத்தக்கூட நான் பாக்கல. உம்மா கேட்டதாச் சொல்லு.”