காலி ஃபோல்டர்

சின்ன டீச்சரின் ஃபோல்டர் மட்டும் இன்றைக்கும் காலியாகவே கிடந்தது.

பெரிய டீச்சருக்குச் சுருக்கென்றது.

அந்தப் பள்ளியில் புவியியலுக்கு இரண்டே பேர். பிள்ளைகள் வைத்த பெயர்தான் பெரிய டீச்சர், சின்ன டீச்சர். ஆசிரியர்கள் எல்லோரும் தங்கள் பாடங்களை ஆன்லைனில் ஒரே இடத்தில் போட வேண்டும், ஒருவருடையதை ஒருவர் எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்று ஹெச்.எம். முடிவு செய்தார். அதற்குப் பழக்கிவிடும் பொறுப்பு பெரிய டீச்சருக்கு வந்தது. பின்னே, ஆறு பிறப்பதை அத்தனை அழகாகச் சொல்லும் பாடத்துக்கு விருது வாங்கியவர் ஆயிற்றே!

மெனக்கெட்டுத்தான் சொல்லிக் கொடுத்தார். முதல் ஆளாகத் தன் பாடங்கள் அத்தனையையும் போட்டுக் காட்டினார். கணக்கு வாத்தியார் வடிவியல் என்று நினைத்துத் தன் மாமனார் போட்டோவை ஏற்றிவிட்டு, எடுக்கத் தெரியாமல் முழித்தார். நாள் முழுக்க எல்லோர் திரையிலும் மாமனார் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வாத்தியாரே இப்போது தேறிவிட்டார்.

சின்ன டீச்சர்தான் பிடி கொடுக்கவில்லை. கேட்டால், பார்க்கலாம் அக்கா என்பார். தெரியாது என்றும் சொல்ல முடியாது. மற்றவர்களுக்குச் சிக்கல் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பவரே அவர்தான். ஆக, கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான் என்று பெரிய டீச்சர் முடிவுகட்டினார்.

ஆசிரியர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியும்விட்டார்.

"பாடத்தைப் பூட்டி வெச்சுக்கிறதும் ஒரு கருமித்தனம்தான்."

சின்ன டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஹெச்.எம். விசாரித்தபோது, ஒத்துழைப்பு இல்லை என்று பெரிய டீச்சர் பட்டென்று சொன்னார். அந்த நேரம் பார்த்து, நகரத்தின் மறுகோடியில் இருந்த கிளைப் பள்ளிக்கு ஒரு புவியியல் டீச்சர் தேவைப்பட்டார். யாரை அனுப்புவது என்று ஹெச்.எம். யோசிக்கவே இல்லை.

போகவர இரண்டிரண்டு பஸ் மாற வேண்டும். வீட்டில் கைக்குழந்தை வேறு. இவ்வளவு தூரம் போகும் என்று பெரிய டீச்சர் நினைக்கவில்லை. ஆனாலும் ஹெச்.எம்.மிடம் போய் ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

கடைசி நாள் சாயங்காலம், சின்ன டீச்சர் தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். பெரிய டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்றார்.

"என் மேல கோவமா?"

"இல்லக்கா."

"ஒரே ஒரு பாடத்தையாவது போட்டிருந்தா, நான் உன்னை விட்டுக் கொடுத்திருக்க மாட்டேன். அப்படி என்னம்மா பிடிவாதம்?"

சின்ன டீச்சர் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப, பாடம் தயார் பண்ண முடியலன்னு அழுதீங்களே அக்கா. அப்ப என்னோடதை எல்லாம் காப்பி பண்ணிக் கொடுத்தேன். ஆத்துப் பாடமும் அதுலதான் இருந்துச்சு. நீங்க மறந்திருப்பீங்க."

பெரிய டீச்சருக்கு அழுததும் நினைவிருந்தது, வாங்கிக்கொண்டதும் நினைவு வந்தது. வருஷா வருஷம் நடத்தி நடத்தி, அது தன்னுடையதாகவே ஆகிப்போயிருந்தது.

சின்ன டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நானும் போட்டிருந்தா, ரெண்டு பேரோடதும் ஒண்ணா இருக்கேன்னு யாராவது உங்களைக் கேட்டிருக்க மாட்டாங்களா?"